அப்பாயின்ட்மென்ட்டில் 'என்.பி.' என்று வந்திருக்கிறதே, அவர் யார்? நர்ஸ் பிராக்டிஷனர் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

டெக்சஸில் ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனராக வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்து, வார்டில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு, இங்கே வந்து மேற்படிப்பு முடித்தவள். கோவில் அன்னதான வரிசையிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே மாதிரியான கேள்விகள் என்னிடம் வருகின்றன. பெரும்பாலும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகள் கேட்பவை. ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

அம்மாவுக்கு பிரைமரி கேரில் நேரம் கேட்டேன். 'என்.பி.' என்று ஒருவரிடம் போட்டிருக்கிறார்கள். அவர் டாக்டரா?

இல்லை, செவிலியர். ஆனால் ஊசி போட்டு பி.பி. பார்க்கும் நர்ஸ் என்று மட்டும் நினைத்தால் அது தப்புக்கணக்கு. நர்ஸ் பிராக்டிஷனர் நோயாளியைப் பரிசோதிப்பார், ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் எழுதுவார், நோய் இன்னதென்று முடிவு செய்வார், மருந்து எழுதுவார். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அவர் மருந்து எழுத சட்டம் இடம் தருகிறது. எவ்வளவு தூரம் தனித்து இயங்கலாம் என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். நாடு முழுக்க உரிமம் பெற்ற என்.பி.க்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். சர்க்கரை, பி.பி., தைராய்டு, சளி, காய்ச்சல் என்று போகும் பல இடங்களில் உங்களைப் பார்ப்பவர் என்.பி.யாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என்ன படித்திருப்பார்?

முதலில் நர்சிங் பட்டம், வழக்கமாக நான்கு வருடம். பிறகு என்.கிளெக்ஸ்-ஆர்.என். என்ற தேர்வு. கம்ப்யூட்டரில் எழுதுவது, நாம் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150. அதில் தேறினால் பதிவுபெற்ற செவிலியர், அதாவது ஆர்.என். அதன்பின் பலரும் சில வருடங்கள் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார்கள். அதற்கு மேல்தான் எம்.எஸ்.என். என்ற முதுநிலைப் பட்டமோ டி.என்.பி. என்ற முனைவர் பட்டமோ.

மேற்படிப்பில் உடலியங்கியல், மருந்தியல், உடல் பரிசோதனை மூன்றும் கட்டாயம். அதோடு நேரடியாக நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. இந்தப் பயிற்சிக்குக் குறைந்தபட்சம் 500 மணி நேரம் என்று நீண்ட காலம் இருந்தது. 2022இல் வந்த தேசியத் தரவரையறை அதை 750 ஆக உயர்த்தியது. படிப்பு முடிந்ததும் தேசியச் சான்றிதழ் தேர்வு, அப்புறம் மாநில நர்சிங் வாரியத்தின் தனி உரிமம்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குடும்ப மருத்துவ டாக்டர் ஒருவர் நான்கு வருட மருத்துவக் கல்லூரி, அதன்பின் ரெசிடென்சி என்ற மூன்று வருட மருத்துவமனைப் பயிற்சி முடித்து வருகிறார். அவருடைய பயிற்சி நேரம் எங்களுடையதைவிடப் பல மடங்கு. இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லொரெட்டா ஃபோர்ட் என்ற பொது சுகாதாரச் செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். கிராமப் பக்கம் குழந்தைகளைப் பார்க்க டாக்டர் கிடைக்காத காலம். தடுப்பூசி போடப் போகும் செவிலியர்கள் குழந்தையின் எடையை, காதை, நெஞ்சைப் பார்த்தே எது சாதாரணம், எது இல்லை என்று கண்டுபிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த அறிவை முறையாக வளர்த்து அதற்கு ஒரு பெயர் கொடுத்தால் என்ன என்பதே ஃபோர்டின் எண்ணம். அதே வருடம்தான் முதியவர்களுக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு என்ற அரசுக் காப்பீட்டுச் சட்டங்களும் வந்தன. முதியவர்களும் ஏழைகளும் புதிதாக மருத்துவத்தைத் தேடி வந்தார்கள், பார்க்க ஆள் போதவில்லை.

ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் எதிர்ப்பு இருந்தது. டாக்டர்கள் தங்கள் வேலையில் கைவைப்பதாக நினைத்தார்கள். நர்சிங் ஆசிரியர்களிலேயே சிலர், இது நர்சிங்கை விட்டு வெளியே போவது என்று கோபப்பட்டார்கள். ஃபோர்ட் அசரவில்லை. பிறகு ராச்செஸ்டர் பல்கலைக்கழக நர்சிங் பள்ளியின் முதல் டீனாகவும் ஆனார். 2025 ஜனவரியில் தன் 104ஆம் வயதில் காலமானார். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் கிளினிக்கில் மதிய உணவு வேளை முழுக்க அவர் பேச்சுதான்.

பி.ஏ. என்றும் சிலர் இருக்கிறார்களே, அவர்களும் என்.பி.யும் ஒன்றா?

செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்று, வந்த வழி வேறு. பி.ஏ., அதாவது பிசிஷியன் அசிஸ்டன்ட், மருத்துவக் கல்வியின் சாயலில் அமைந்த படிப்பு. அதுவும் 1965இல்தான், டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர் தொடங்கியது. முதல் வகுப்பில் இருந்தவர்கள் கடற்படையில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்த நான்கு பேர். என்.பி. நர்சிங்கின் வழியாக வருபவர்.

பெயருக்குப் பின்னால் ஒரு வால் மாதிரி எழுத்துகள் போட்டிருக்கிறார்கள். அவற்றைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த எழுத்துகள்தான் முக்கால்வாசி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஆர்.என். என்றால் பதிவுபெற்ற செவிலியர். ஏ.பி.ஆர்.என். என்றால் மேல்நிலைச் செவிலியர். இந்தப் பொதுப்பெயருக்குள் நான்கு வகை உண்டு: என்.பி., மயக்கமருந்து கொடுப்பவர், பிரசவம் பார்க்கும் நர்ஸ் மிட்வைஃப், ஒரு துறையில் தேர்ந்த கிளினிகல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட். ஆகவே ஏ.பி.ஆர்.என். என்று மட்டும் போட்டிருந்தால் இந்த நால்வரில் யாரென்று கேட்க வேண்டும்.

எஃப்.என்.பி. என்றால் குடும்ப மருத்துவம், குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை. அதன் வாலில் 'சி' இருந்தால் ஒரு சான்றிதழ் வாரியத்தின் தேர்வு, 'பி.சி.' இருந்தால் இன்னொரு வாரியத்தின் தேர்வு. இரண்டும் செல்லும், ஒன்று உசத்தி ஒன்று மட்டம் என்றில்லை. பி.எம்.எச்.என்.பி. என்றால் மனநலம். பெரியவர்கள், முதியவர்களுக்கென்று தனியாக ஒரு பிரிவு உண்டு. அதிலும் கிளினிக்கில் பார்ப்பதற்கு ஒன்று, மருத்துவமனையில் தீவிர நிலையில் இருப்பவரைப் பார்ப்பதற்கு ஒன்று. குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், பெண்கள் நலம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனித் தேர்வு.

இதில் கவனிக்க வேண்டியது, படித்த பிரிவும் பார்க்கும் வேலையும் பொருந்துகிறதா என்பது. பெரியவர்களைப் பார்க்கப் படித்தவர் கைக்குழந்தையைப் பார்க்கக் கூடாது. மனநல மருந்தை நீண்ட காலம் எடுக்கப்போகும் பிள்ளைக்கு, அதற்கென்றே படித்தவர் இருந்தால் நல்லது. கேட்பதில் கூச்சம் வேண்டாம். "நீங்கள் எந்தப் பிரிவில் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் எந்த என்.பி.யும் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு சந்தோஷமாகத்தான் இருக்கும்.

சான்றிதழும் ஆயுளுக்கும் செல்லாது. பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தொடர்கல்வி மணி நேரம் காட்ட வேண்டும்.

பெயரை கூகுளில் தேடினால் என்.பி.ஐ. எண், முகவரி, ஏதோ குறியீடு என்று ஒரு பக்கம் வருகிறது. அதை எப்படிப் படிப்பது?

என்.பி.ஐ. என்பது பத்து இலக்க அடையாள எண். மத்திய அரசின் மெடிகேர் துறை கொடுப்பது, 2007 முதல் நடைமுறையில் கட்டாயம். ஒருவருக்கு ஒரே எண். மாநிலம் மாறினாலும் கிளினிக் மாறினாலும் அது மாறாது. தனிநபருக்கு ஒரு வகை, நிறுவனத்துக்கு இன்னொரு வகை என்று இரண்டு உண்டு. அந்தப் பதிவேடு பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கிறது. நீங்கள் கூகுளில் பார்க்கும் பக்கங்களில் பல அதிலிருந்து எடுத்துப் போட்டவைதான்.

குறியீடு என்று இருப்பது தொழில்வகையைக் காட்டும் பத்து இட அடையாளம். 363 என்று தொடங்கினால் பி.ஏ. அல்லது என்.பி. பக்கத்திலேயே 'குடும்பம்', 'மனநலம்' என்று பிரிவும் எழுதியிருக்கும். ஒருவருக்கு இரண்டு மூன்று குறியீடுகள் இருந்தால், முதன்மை எது என்று குறித்திருப்பார்கள். பழைய ஆர்.என். குறியீடும் கூடவே இருந்தால் குழம்ப வேண்டாம், அது அவர் வந்த பாதை.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. என்.பி.ஐ. எண் இருப்பதால் ஒருவர் திறமையானவர் என்றோ, அவருடைய உரிமம் இன்றைக்குச் செல்லும் என்றோ ஆகிவிடாது. அந்தப் பதிவேட்டில் இருக்கும் விவரம் பெரும்பாலும் அவரவரே எழுதிக் கொடுத்தது. முகவரி மாறினால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும் என்று விதி இருந்தாலும், வருடக்கணக்கில் பழைய முகவரியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் தன் அப்பாவை அப்படி ஒரு முகவரிக்கு நாற்பது மைல் ஓட்டிப் போயிருக்கிறார். அங்கே இருந்தது ஒரு பல் கிளினிக். கிளம்பும் முன் போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்.

அதே பக்கங்களில் நட்சத்திரம் போட்டிருந்தால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பார்க்கிங் கிடைக்காத கோபமும் அதில்தான் வந்து விழுகிறது.

அப்படியானால் உரிமத்தை எங்கே சரிபார்ப்பது?

மாநில நர்சிங் வாரியத்தின் தளத்தில். இல்லாவிட்டால் நர்சிஸ் (Nursys) என்ற தேசியத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாநில வாரியங்களின் கூட்டமைப்பு நடத்துவது. பெயரையும் மாநிலத்தையும் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, எப்போது முடிகிறது, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று காட்டும். இரண்டு நிமிட வேலை. ஆர்.என். உரிமம், ஏ.பி.ஆர்.என். உரிமம் இரண்டும் தனித்தனியாக வரும். பார்க்க வேண்டியது இரண்டாவதை. டெக்சஸில் இதை நாங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம்.

டி.இ.ஏ. எண் என்று ஒன்றும் உண்டு. வலிமையான வலிநிவாரணி, கவனக்குறைவுக்கான மருந்து மாதிரிக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத அது தேவை. அது மருந்துக் கடைக்கும் எங்களுக்கும் இடையில் உள்ளது, நீங்கள் தேடிப் பார்க்கத் தேவையில்லை.

என்.பி.க்கு மேலே டாக்டர் யாரும் இருக்க மாட்டாரா?

நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் என்.பி. முழுச் சுதந்திரமாக இயங்கலாம், சொந்தமாக கிளினிக்கும் வைக்கலாம். வாஷிங்டன், அரிசோனா எல்லாம் அப்படி. இல்லினாயில் 4,000 மணி நேரமும் நியூயார்க்கில் 3,600 மணி நேரமும் வேலை பார்த்த பிறகு அந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. கலிஃபோர்னியா 2020இல் சட்டம் போட்டு, 2023 முதல் படிப்படியாக விட்டுக்கொடுத்து வருகிறது.

டெக்சஸ் கறாரான மாநிலம். இங்கே நான் மருந்து எழுத வேண்டுமானால் ஒரு டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். அவர் என் நோயாளிகளின் குறிப்புகளில் சிலவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும், நாங்கள் தவறாமல் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு டாக்டர் இப்படிப் பொறுப்பேற்கக்கூடியது பொதுவாக ஏழு பேருக்குச் சமமான முழுநேர என்.பி., பி.ஏ.க்களுக்கு மட்டும். ஆனால் அவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் "உங்களோடு ஒப்பந்தத்தில் இருக்கும் டாக்டர் யார், அவரை எப்போது பார்க்கலாம்?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

எனக்கு இந்த ஒப்பந்தமுறையின் பல விதிகளில் உடன்பாடு இல்லை. டாக்டர் கிடைக்காத கிராமத்தில், ஒப்பந்தம் போட ஆள் இல்லாத ஒரே காரணத்தால் கிளினிக் மூடியே கிடப்பது யாருக்கும் நல்லதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை என் டாக்டரோடு உட்கார்ந்து கஷ்டமான கேஸ்களைப் பேசுவதை, சட்டமே எடுத்துவிட்டாலும் நான் விடமாட்டேன்.

உண்மையைச் சொல்லுங்கள், டாக்டர் அளவுக்கு நன்றாகப் பார்ப்பார்களா?

ஆரம்பநிலை மருத்துவத்தில் ஆய்வுகள் செய்து பார்த்திருக்கிறார்கள். அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2000ஆம் ஆண்டு ஜாமா என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை என்.பி.யிடமும் சிலரை டாக்டரிடமும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது உடல்நிலையில், சர்க்கரை, ஆஸ்துமா கட்டுப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆறு மாதம் என்பது சின்னக் காலம். அந்த முடிவை எல்லா நோய்க்கும் நீட்டக் கூடாது.

என் அனுபவத்தில், நாள்பட்ட நோயைப் பொறுமையாகக் கவனிப்பதில் செவிலியரின் பழக்கம் கைகொடுக்கிறது. சர்க்கரை உள்ளவர் வந்தால் காலுறையைக் கழற்றச் சொல்வேன். நைலான் இழை ஒன்றை, அது வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி, பாதத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு "இப்ப, இப்ப" என்று சொல்ல வேண்டும். கட்டைவிரல் அடியில் தொட்டபோது ஒரு பெரியவர் பேசாமல் இருந்தார். மறுபடி தொட்டேன், அப்போதும் பேசவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் "தொட்டுட்டுத்தான் இருக்கீங்களா?" என்றார். அன்றுமுதல் அவர் வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுகிறார். ஒரு கொப்புளம் ஆறாமல் புண்ணாகிக் காலை எடுக்கும் வரை போகக்கூடியதை இந்த இரண்டு நிமிடம் தடுக்கும்.

எப்போது டாக்டரிடமே காட்ட வேண்டும் என்று கேட்கலாம்?

எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அது உங்கள் உரிமை. நானே கேட்கச் சொல்வது, ஒரே தொந்தரவுக்கு இரண்டு மூன்று முறை வந்தும் காரணம் பிடிபடாதபோது. காரணமில்லாமல் எடை குறையும்போது. இதயம், சிறுநீரகம், சர்க்கரை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மருந்துகள் முட்டிக்கொள்ளும்போது. நல்ல என்.பி. நீங்கள் கேட்கும் முன் தானே அனுப்பிவிடுவார். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் திடீரென்று தளருதல் என்றால் யாரிடமும் அப்பாயின்ட்மென்ட் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 911.

பார்த்தது என்.பி., பில்லில் வேறு டாக்டர் பெயர். ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. மெடிகேர் விதிப்படி என்.பி. தன் பெயரில் பில் போட்டால் டாக்டருக்கான தொகையில் 85 சதவீதம்தான் கிடைக்கும். டாக்டர் ஏற்கெனவே பார்த்துத் திட்டம் போட்ட நோய்க்கு, டாக்டரின் நேரடி மேற்பார்வையில் என்.பி. தொடர்ந்து பார்த்தால், டாக்டர் பெயரிலேயே முழுத்தொகைக்கு பில் போட இடமுண்டு. புது நோயாளிக்கும் புதுத் தொந்தரவுக்கும் அப்படிப் போடக் கூடாது. முதல் தடவை போய், டாக்டர் முகத்தையே பார்க்காமல் அவர் பெயரில் பில் வந்தால் கிளினிக்கைக் கூப்பிட்டு விளக்கம் கேளுங்கள்.

விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்கு மெடிகேர் கிடையாது. பயணக் காப்பீடு பழைய நோய்களைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாது. காப்பீடு இல்லாமல் கையிலிருந்து கட்டுவதாக இருந்தால், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேட்டு வாங்க 2022 முதல் சட்டம் உரிமை தருகிறது. கேட்டு வாங்கிய பிறகு போங்கள்.

ஊர் மாத்திரைகளைக் கொண்டுபோகலாமா? திட்டுவார்களா?

திட்டவே மாட்டோம். எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த ஆபத்துகளில் பாதி இந்தப் பையில்தான் இருந்தது.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. காலை பதினொரு மணிக்கு மேல் கை நடுங்கி வேர்த்துக் கொட்டுகிறது என்று மகன் கூட்டிவந்தார். மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார்கள். பதினோரு மாத்திரை அட்டை. நான்கில் பெயரே இல்லை. மெடிக்கலில் எண்ணி வெட்டிக் கொடுத்ததில், பெயர் அச்சான பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. மீதி அட்டைகளைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். இரண்டு வேறு கம்பெனி, இரண்டு வேறு பெயர், இரண்டுக்குள்ளும் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு. ஒரே மருந்தை இரண்டு டாக்டர்கள் வேறு வேறு சமயத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மா இரண்டையும் பக்தியோடு விழுங்கியிருக்கிறார். இங்கே வந்த பிறகு காலை இட்லி போய் ஓட்ஸ் வேறு வந்துவிட்டது. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

அடுத்த சிக்கல், ஊரில் ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருக்கும். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை இங்கே விற்பனையில் இல்லை, பிரித்துத்தான் எழுத வேண்டும். வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின், வாக்லிபோஸ் மூன்றும் அமெரிக்காவில் கிடைக்கவே கிடைக்காது. மாத்திரை தீர்ந்த பிறகு வந்து "இதே வேணும்" என்றால் எந்த என்.பி.யாலும், எந்த டாக்டராலும் தர முடியாது. வேறொன்றுக்கு மாற்றி, சர்க்கரையைப் பார்த்து, திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும். அதனால் தங்கும் நாளுக்குப் போதுமான மாத்திரையும் சீட்டும் ஊரிலிருந்தே வரட்டும். பாராசிட்டமாலுக்கு இங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். டோலோவும் டைலனாலும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

விமானம் ஏறும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு அட்டையையும் முன்பக்கமும் பின்பக்கமும் போனில் படம் எடுத்துவையுங்கள். சூரணம், லேகியம், கஷாயம் இருந்தால் அதையும். சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் நிறைய. சிறுநீரகம் பலவீனமானவருக்கு எழுதும்போது அது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நானே மொழிபெயர்க்கலாம்தானே?

அம்மா விரும்பினால் செய்யலாம். ஆனால் மத்திய அரசின் பணம் வாங்கும் கிளினிக்குகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பது சட்டம். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லுங்கள். போனிலோ வீடியோவிலோ வருவார். மகன் முன்னால் கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றி எந்த அம்மா பேசுவார்? "ஒண்ணுமில்ல, கால் வலிதான்" என்று முடித்துவிடுவார். மகனை வெளியே உட்காரச் சொன்ன பிறகு, பத்து வருடம் அடக்கிவைத்ததைச் சொல்லி அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

'டாக்டர்' என்று பெயருக்கு முன்னால் போட்டிருக்கும் என்.பி.யும் இருக்கிறாரே?

டி.என்.பி. என்ற முனைவர் பட்டம் வாங்கியவராக இருப்பார். பட்டம் உண்மையானது. ஆனாலும் நோயாளியிடம் தான் நர்ஸ் பிராக்டிஷனர் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் சிகிச்சை தரும் இடத்தில் அவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்ளவே சட்டம் இடம் தராது. என் கருத்தும் அதுதான். படுத்துக் கிடக்கிறவருக்கு, எதிரில் நிற்பது யார் என்று குழப்பம் வரக் கூடாது.

நம்ம ஊரில் நர்ஸ் பிராக்டிஷனர் உண்டா?

இதே வடிவத்தில், தனியாக கிளினிக் நடத்துபவராக இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென்று இரண்டு வருட என்.பி. முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. மகப்பேறு பார்க்க நர்ஸ் பிராக்டிஷனர் மிட்வைஃப் பயிற்சியும் உண்டு. தமிழ்நாட்டில் நலவாழ்வு மையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளராகச் செவிலியர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது.

அதற்கெல்லாம் முன்பே கிராம சுகாதார செவிலியர் இருந்தார். எங்கள் ஊரில் 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுவோம். எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி என்று அவருக்கு மனப்பாடம். உங்கள் அம்மா என்.பி.யிடம் போகத் தயங்கினால், அந்த நர்சம்மாவை நினைவுபடுத்திப் பாருங்கள். சட்டென்று புரிந்துகொள்வார்.

நான் ஊரில் நர்சிங் படித்தவள். இங்கே என்.பி. ஆக முடியுமா?

முடியும், கொஞ்சம் நீண்ட வழி. முதலில் உங்கள் படிப்பை இந்நாட்டுத் தரத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடச் செய்ய வேண்டும், ஆங்கிலத் தேர்வு, பிறகு என்.கிளெக்ஸ். ஆர்.என். உரிமம் வந்ததும் வேலை பாருங்கள். அவசரப்பட்டு உடனே மேற்படிப்புக்குத் தாவ வேண்டாம் என்பது என் எண்ணம். இங்குள்ள மருந்துப் பெயர்களும் பேச்சுவழக்கும் குறிப்பெழுதும் முறையும் பழக ஓரிரு வருடம் வேண்டும். ஜி.என்.எம். டிப்ளமோ வைத்திருப்பவர்கள் இடையில் பட்டப்படிப்பை முடித்தாக வேண்டியிருக்கும். 2023 கணக்குப்படி என்.பி.யின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 1,26,260 டாலர். சேரும் முன் பார்க்க வேண்டியது இரண்டு: அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா, கிளினிக் பயிற்சிக்கு இடம் அவர்களே பிடித்துத் தருவார்களா. இரண்டாவதை விட்டுவிட்டு, பயிற்சி இடம் தேடி ஆறு மாதம் அலைந்த தோழிகள் எனக்கு உண்டு.

அப்பா அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறார். கிளினிக்கிலிருந்து என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

பார்த்த விவரச் சுருக்கம், ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துப் பட்டியல். பட்டியலில் பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். ஊர் டாக்டருக்கு அதுதான் உதவும். கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை. தேதியைக் கவனியுங்கள். இங்கே மாதத்தை முதலில் எழுதுகிறார்கள், 03/07 என்றால் மார்ச் 7. நம் ஊர் டாக்டர் அதை ஜூலை 3 என்று படிப்பார். அடுத்த பரிசோதனை என்றைக்கு என்பதில் நான்கு மாதம் தவறிப்போகும். ஒவ்வொரு தாளிலும் மாதத்தை எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.